மாதிரி வீரர் எண் ஏழு

நாகலாபுரம் வெயிலுமுத்துவுக்கு வீரம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வதற்காகத் தலைநகரிலிருந்து ஒரு வாரியம் கோவில்பட்டியில் வந்து இறங்கியிருந்தது. வெயிலுமுத்து பட்டாளத்தில் சேர்ந்து பதினான்கு வருடம். அதில் ஏழு வருடம் மலையேறும் அதிரடிப் படையில். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சந்தேகம் அவனுக்கும் வந்ததில்லை, எதிரே நின்று அவனைச் சுட்டவர்களுக்கும் வந்ததில்லை.

2001-ஆம் வருடம், ஐப்பசி பிறக்க நாலு நாள் இருந்தது. விதைப்புக்காக லீவில் வந்தவன், கம்பும் உளுந்தும் விதைத்து முடித்துவிட்டு, ஊரோடு சேர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழைக்குப் பதிலாகத் தபால்காரர் வந்தார். காக்கி உறைக்குள் இருந்த காகிதத்தின் தலையில் 'உயர்நிலைப் படைவீரர் மனப்பண்பு மதிப்பீட்டு வாரியம்' என்று இருந்தது. லீவில் இருக்கும் அதிரடிப் படையினர் அனைவரும் பதினைந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு, கோவில்பட்டியில் குறிப்பிட்ட கல்யாண மண்டபத்துக்கு, இரண்டு புகைப்படம், ஒரு கறுப்புப் பேனா, திறந்த மனம் ஆகியவற்றுடன் வந்து சேர வேண்டும். வெற்றிக்குரிய மனப்பண்புகள் இல்லாதவர் என்று தெரியவந்தால் மலைப்பணியிலிருந்து நீக்கிப் பண்டகசாலைக்கு மாற்றப்படுவார்.

"என்னவாம்?" என்று கேட்டாள் மனைவி தங்கமாரி.

"மனசைச் சோதிக்கணுமாம்."

"உங்க மனசையா? பதிமூணு வருசமா நான் அதைத்தானே செய்யுதேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா சொல்லிர மாட்டனா?"

"பெயிலாப் போனா மலைக்கு அனுப்ப மாட்டாவளாம். ஸ்டோர்ல உக்காந்து கம்பளி எண்ணணுமாம்."

தங்கமாரியின் முகம் மலர்ந்தது. "அப்போ பேனாவை மறந்துட்டுப் போங்க. நல்லா எண்ணுங்க கம்பளியை." சொல்லி முடித்த அடுத்த கணமே அவள் முகம் மாறியது. "அப்போ நேகி தம்பி?"

அவன் காகிதத்தை மடித்து உறைக்குள் போட்டான்.

நேகி வடக்கே கட்வால் பக்கத்து மலைக்காரன். வெயிலுமுத்துவின் அணியில் நான்கு பேர். பனிச்சுவரில் நேகி முதலில் ஏறுவான். கீழே நின்று அவன் இடுப்புக் கயிற்றைப் பிடிப்பது வெயிலுமுத்துவின் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால், மலை உச்சிக் காவல்குழி ஒன்றில் புயலும் குண்டுவீச்சுமாக அணியில் மூன்று பேர் ஒன்பது நாள் மாட்டிக்கொண்டார்கள். நேகிக்குத் தொடையில் குண்டு. கோட்டயத்துத் தாமஸுக்குக் காய்ச்சலில் நினைவு தப்பிவிட்டது. இரண்டு பேரையும் உயிரோடு கீழே கொண்டுவந்தவன் வெயிலுமுத்து. அன்றிலிருந்து, இவன் கயிறு பிடித்தால்தான் நேகிக்குப் பனியில் கால் நிற்கும். போன மாதம்கூட எழுதியிருந்தான்: 'கார்த்திகையில் மேலே ஏற்றம். வேறு எவன் பிடித்தாலும் என் கால் நடுங்குகிறது. நீ வந்துவிடு.' இவன் போகாவிட்டாலும் நேகி ஏறித்தான் ஆக வேண்டும். நடுங்குகிற காலோடு ஏறுவான்.

தங்கமாரி எழுந்து அலமாரியைத் துழாவினாள். "கறுப்புப் பேனா எங்கன கிடக்குன்னு பாருதேன். பாஸ் பண்ணிட்டு வாங்க."

மண்டப வாசலில் ஆவணியில் நடந்த கடைசிக் கல்யாணத்தின் வளைவு பிரிக்கப்படாமல் நின்றது. 'மணமக்களை வாழ்த்த வரும் அனைவரையும் வரவேற்கிறோம்' என்ற எழுத்துகளுக்குக் கீழே இருபத்திரண்டு அதிரடிப் படை வீரர்கள், தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், வரிசையில் நின்று உள்ளே போனார்கள். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டுதான் வாரியத்தின் கௌரவத்துக்குத் தகுந்த உயரத்தில் இருந்தன. மாப்பிள்ளை நாற்காலியில் வாரியத் தலைவர் கர்னல் விஜயராஜ் உட்கார்ந்திருந்தார். பெண் நாற்காலியில் மனவியல் நிபுணர் டாக்டர் சுதாராணி. பக்கத்தில், புரோகிதர் உட்காரும் மணையில், தட்டச்சுப் பொறியோடு சுபேதார் பிச்சையா. அவர் கடம்பூர்க்காரர்.

மண்டப மேலாளர் முத்துசெல்வம் கர்னல் காதருகே குனிந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "சார், வியாழக்கிழமை முகூர்த்தம் இருக்கு. அதுக்குள்ள வீரத்தையெல்லாம் பாத்து முடிச்சுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கர்னல் விஜயராஜ் இருபத்தாறு வருடம் ராணுவத்தில் இருந்தவர், இருபத்தாறு வருடமும் கோப்புப் பிரிவில். அவர் பனியையே பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. அவர் வீட்டு ஃபிரிட்ஜில் அது மாதத்துக்கு ஒருமுறை கட்டிப்போகும். அவரே முன்னின்று உருக்கிவிடுவார்.

"வீரர்களே!" என்று எழுந்தார். "ஒரு போர்வீரன் எதனால் வெற்றி பெறுகிறான்? துப்பாக்கியாலா? இல்லை. சாப்பாட்டாலா? அதுவும் இல்லை, அதைக் குறைத்தே பார்த்துவிட்டோம். மனத்தால்! எங்கள் வாரியம் மூன்று ஆண்டுகள், நான்கு கோடை வாசஸ்தலங்களில், பதினொரு கூட்டங்கள் நடத்தி, வெற்றி வீரனுக்கு வேண்டிய மனப்பண்புகள் மொத்தம் பதினான்கு என்று கண்டுபிடித்திருக்கிறது. முதலில் பதிமூன்றுதான் வந்தது. பதிமூன்று ராசியில்லை என்று ஓர் உறுப்பினர் கருதியதால் தன்னடக்கத்தையும் சேர்த்துக்கொண்டோம்."

அவருக்குப் பின்னால், மணமக்கள் பெயர் தொங்கவேண்டிய இடத்தில், பட்டியல் தொங்கியது. அச்சமின்மை, நொடியில் முடிவெடுத்தல், தனித்து இயங்குதல், தலைமைத் தாகம், திரும்பிப் பாராமை என்று போய், பதினான்காவதாக 'தன்னடக்கம் (பிறர் காணும்படி)' என்று முடிந்தது.

"ஆய்வின் முடிவு அச்சாகிவிட்டது. ஆய்வு மட்டும்தான் பாக்கி. அதற்குத்தான் உங்களை அழைத்திருக்கிறோம்" என்றார் கர்னல். பிச்சையா மட்டும் கைதட்டினார். அது அவர் வேலை.

முதல் தேர்வு சொல் தேர்வு. டாக்டர் சுதாராணி ஒரு சொல் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவார். பத்து நொடிக்குள் மனதில் தோன்றியதை எழுத வேண்டும். 'எதிரி' என்ற அட்டை வந்தது. வெயிலுமுத்து 'அவனுக்கும் குளிரும்' என்று எழுதினான். 'இரத்தம்' வந்தது. 'சுத்தமான துணி வேணும்' என்று எழுதினான். 'வெற்றி'க்கு 'லீவு'. 'கட்டளை'க்கு 'காத்துல கேக்கலை, சத்தமாச் சொல்லுங்க'.

பக்கத்தில் இருந்த ராஜபாளையத்துக்காரன் விவரமானவன். நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக எல்லாவற்றுக்கும் 'நொறுக்கு' என்று எழுதிக்கொண்டே போனான். எதிரி, நொறுக்கு. மலை, நொறுக்கு. தாய், நொறுக்கு. அவனுக்கு அறுபதுக்கு ஐம்பத்தொன்பதரை. தாய்க்கு அரை மதிப்பெண் குறைத்தார்கள்.

அடுத்து படத் தேர்வு. மங்கலான படத்தில் ஒருவன் மூடிய கதவுக்கு முன்னால் நிற்கிறான். அவன் யார், என்ன நடக்கப் போகிறது என்று கதை எழுத வேண்டும். எல்லோரும் கதவை உடைத்தார்கள். வெயிலுமுத்து எழுதினான்: 'இவர் வீட்டு ஆட்டுக்குட்டி கிணற்றில் விழுந்துவிட்டது. ஏணி கேட்க வந்திருக்கிறார். வீட்டம்மாள் ஏணி கொடுத்தாள். குட்டி பிழைத்தது.'

"இதில் நாயகன் யார்?" என்று டாக்டர் கேட்டார்.

"அந்த வீட்டம்மாதான் மேடம். நேரங்கெட்ட நேரத்துல கதவைத் திறந்தால்லா."

டாக்டர் குறித்துக்கொண்டார்: 'தலைமைத் தாகம்: இல்லை. ஆட்டுக்குட்டியிடம் அளவுமீறிய ஈடுபாடு.'

மதியத்துக்கு மேல் நேர்காணல். வெயிலுமுத்து மேடைக்கு ஏறி, மணமக்களை வாழ்த்த வந்தவனைப்போல இருவருக்கும் முன்னால் நின்றான்.

"ஆபத்தில் மாட்டிய அனுபவம் உண்டா?" என்று கேட்டார் கர்னல்.

"உண்டு சார். மலையில ஒன்பது நாள்."

"பயந்தாயா?"

"பயந்தேன் சார்."

"எத்தனை முறை?"

"ஒரு தடவைதான் சார்."

கர்னலுக்குத் திருப்தி. பேனாவைத் திறந்தார். "எப்போது?"

"ஏறுனதுல இருந்து இறங்குற வரைக்கும்."

கர்னல் பேனாவை மூடினார். டாக்டர் முன்னால் சாய்ந்து, "அந்தப் பயத்தை எப்படி வென்றீர்கள்?" என்று கேட்டார்.

"வெல்லல மேடம். அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துச்சு. எனக்குப் பயமா இருக்குடே, ஏதாவது பேசிக்கிட்டே இருன்னு நேகிகிட்டச் சொன்னேன். எனக்கும் அப்படித்தான் இருக்குன்னான். அப்புறம் கொஞ்சம் லேசாயிருச்சு. அவன் ஊர்ல எருமை எவ்வளவு கறக்கும், எங்க ஊர்ல எவ்வளவு கறக்கும்னு ரெண்டு நாள் சண்டை போட்டோம்."

"வேறு என்ன செய்தீர்கள்?"

"சாமி கும்பிட்டேன் மேடம். நான் கழுகுமலை முருகனை. நேகி அவன் ஊர் அம்மனை. தாமஸ், நினைவு வந்தப்பல்லாம், மாதாவை. யார் வந்தாலும் சரின்னு இருந்தோம்."

டாக்டர் எழுதினார்: 'வெளி ஆதரவை நாடுதல். மூன்று இடங்களில்.'

கர்னலுக்குப் பொறுமை போய்விட்டது. மேசையிலிருந்து பட்டு நாடா கட்டிய புத்தகம் ஒன்றை இரண்டு கையாலும் எடுத்தார். "தம்பி, பட்டியல் எப்படி உருவானது தெரியுமா? பத்து மாதிரி வீரர்களின் செயலை ஆராய்ந்து உருவானது. அதில் தலைசிறந்தவர் எண் ஏழு. பெயர் இரகசியம். கேள். கேட்டாவது திருந்து." தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "பகையும் பனியும் சூழ்ந்த சிகரத்தில், ஒன்பது பகல், ஒன்பது இரவு, தன்னந்தனியாக, அணுவளவும் அச்சமின்றி, எவர் உதவியையும் நாடாமல், காயமுற்ற இருவரைக் காத்து நின்றார். பனிக்கட்டியைக் குடுவையில் இட்டு, அக்குளில் இடுக்கி உருக்கி..."

வெயிலுமுத்துவுக்குக் கை அக்குளுக்குப் போனது. அங்கே இன்னும் தழும்பு இருந்தது.

"சார், தன்னந்தனியான்னு போட்டிருக்கு. அப்போ அந்த ரெண்டு பேரு?"

"அவர்கள் காக்கப்பட்டவர்கள். எண்ணிக்கையில் வரமாட்டார்கள்."

"மூணாம் நாளு பால் டப்பா தகரம் கிழிச்சு விரல்ல காயம்னு போட்டிருக்கா சார்?"

கர்னல் பக்கத்தைப் புரட்டினார். "இடக்கைச் சுட்டுவிரல்."

வெயிலுமுத்து இடக்கைச் சுட்டுவிரலை நீட்டினான். வெள்ளைக் கோடாகத் தழும்பு தெரிந்தது. "அது நான்தான் சார்."

கர்னல் விரலைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். பிறகு புன்னகை செய்தார். "நல்லது. மாதிரி வீரரோடு தன்னை ஒன்றாக உணர்வது முன்னேற்றத்தின் முதல் படி. ஆனால் நீ அவர் இல்லை."

"ஏன் சார்?"

"அவர் அஞ்சாதவர். நீ அஞ்சியதாக நீயே சொல்லிவிட்டாய்."

"அவர் அஞ்சலைன்னு யாரு சார் சொன்னா? அவரைக் கேட்டியளா?"

கர்னல் வெல்வெட் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "மாதிரி வீரரை என் முன்னால் இழிவுபடுத்தாதே!"

"பேரு எங்கயாவது எழுதியிருக்கும்லா சார். பாத்தாத் தெரிஞ்சிரும்."

"முத்திரையிட்ட உறையில் இருக்கிறது. வாரியத்தின் மூத்த உறுப்பினர் மூவர் கூடிப் பிரிக்க வேண்டும். ஒருவர் காலமாகிவிட்டார். ஒருவர் ஓய்வுபெற்று மகனோடு கனடா போய்விட்டார். மூன்றாவது நான்."

"அப்போ நீங்களே..."

"மூவரும் கூட வேண்டும் என்றேன்."

டாக்டர் சுதாராணி மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு, குரலைச் சற்றுத் தணித்துச் சொன்னார்: "எண் ஏழுக்குப் பதினான்குக்குப் பதினான்கு. உங்களுக்கு இதுவரை கால்."

"கால் எதுக்கு மேடம்?"

"தன்னடக்கத்துக்கு. முழுதாகப் போட்டிருப்பேன். நீங்கள் பிறர் காணும்படி காட்டவில்லை."

வெளியே கைகழுவும் தொட்டியருகே பிச்சையா வந்து, காகிதத்தில் மடித்த போளியைப் பிய்த்துப் பாதியை நீட்டினார். "சாப்பிடுங்க தம்பி. நாளைக்குக் களச்சோதனை. பத்துக் குணத்துக்கு அதுலதான் மார்க். விசில் ஊதுனா ஓடிருங்க. யோசிக்காதிய. யோசிச்சது தெரிஞ்சா போச்சு."

"சரி அண்ணாச்சி. ஓடிருதேன்."

நேகியை நினைத்து அவன் அதைச் சத்தியமாகவே சொன்னான்.

ஆனால் விடிவதற்குள் வானம் திறந்துகொண்டது. நாகலாபுரத்திலிருந்து கழுகுமலை வரைக்கும் இரண்டு உழவுக்கு மழை. வெயிலுமுத்துவுக்குத் தன் கம்பையும் உளுந்தையும் நினைத்துச் சந்தோஷம் பொங்கியது. களச்சோதனை நடக்கும் நிலத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் பாதியாகிவிட்டது.

கழுகுமலை ரோட்டோரத்தில் விதைக்காமல் போட்டிருந்த கரிசல் தரிசு அது. வாரியம் சித்திரை மாதத்தில் வந்து பார்த்து, 'கல்லும் முள்ளும் இல்லாத, பாறைபோல் உறுதியான சமதளம்' என்று குறிப்பெழுதித் தேர்ந்தெடுத்திருந்தது. இப்போது அது எருமைத் தோல்போலக் கறுத்துப் பளபளவென்று படுத்துக் கிடந்தது.

கர்னல் ரோட்டில் நின்று விதிகளைச் சொன்னார். ஒவ்வொருவர் தோளிலும் முப்பது கிலோ மணல் மூட்டை. நிலத்தின் மறுகோடியில் சிவப்புக் கொடி. விசில் ஊதியதும் மூன்று நொடிக்குள் முடிவெடுத்துப் பாய வேண்டும். திரும்பிப் பார்த்தால் பூஜ்யம். கேள்வி கேட்டால் பூஜ்யம். மூட்டையைக் கீழே வைத்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பூஜ்யம்.

விசில் இன்னும் ஊதவில்லை என்பதால் வெயிலுமுத்து வாயைத் திறந்தான். "சார், இதுல இன்னைக்கு யாரும் காலெடுத்து வைக்கப்பிடாது. ஆடுகூட இறங்காது. நாளை மத்தியானம் வரைக்குமாவது வெயில் காயணும்."

"ஒரு வீரன் மண்ணுக்காகக் காத்திருப்பதா?"

"இங்கன எல்லாரும் அப்படித்தான் சார் காத்துக்கிடக்கோம்."

கர்னல் விசிலை ஊதினார்.

இருபத்தோரு பேர் பாய்ந்தார்கள். ஐந்தாவது அடியில் ஒவ்வொரு பூட்ஸும் பானை கனம் கனத்தது. பத்தாவது அடியில் பூட்ஸ் மண்ணுக்கும் கால் வீரனுக்கும் என்று பாகம் பிரிந்தது. இருபதாவது அடிக்குமேல் யாரும் போகவில்லை. 'நொறுக்கு' என்று எழுதியவன் முழங்கால் வரை இறங்கி, மூட்டையோடு, சோளக்காட்டுப் பொம்மைபோல நின்றான். விதிப்படி ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை. விரும்பியிருந்தாலும் முடிந்திருக்காது.

வெயிலுமுத்து மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். ஐந்தடி ஓடி விழுந்தால்கூடப் போதும், மார்க் விழுந்துவிடும். நேகியின் கால் கண்ணுக்குள் நின்றது. முருகா என்று வலது காலைத் தூக்கினான்.

அதற்குள் கர்னலுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நகருங்கள்! மனம்தான் ஓடுகிறது, கால் அல்ல! நான் காட்டுகிறேன்!" என்று பிரம்போடு நிலத்துக்குள் நடந்தார். அவர் மனம் கொடிவரைக்கும் போயிருக்கக்கூடும். உடம்பு பதினைந்தடியில் நின்றது. ஒரு காலை உருவப்போய், மறுகால் உள்ளே போய், பிரம்பை ஊன்றப்போய் அதுவும் உள்ளே போய், கர்னல் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்துமூன்று வயது உடம்பு. முகம் வெளுத்து, மார்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். வந்து தூக்கக் கூடிய ஆள் ரோட்டில் ஒருவன்தான் மிச்சம்.

"சார், மூட்டையைக் கீழ வைக்கட்டுமா?" என்று கத்தினான் வெயிலுமுத்து.

"வைத்தால்... பூஜ்யம்..." என்று திணறலாகப் பதில் வந்தது.

வெயிலுமுத்து மூட்டையை ஒருமுறை பார்த்தான். பிறகு தூங்குகிற பிள்ளையை இறக்குவதுபோல அதை ரோட்டோரத்தில் இறக்கி வைத்துவிட்டு, எதிர்ச் சாரியில் இருந்த ஓட்டு வீட்டுக்கு ஓடினான். அங்கே மாடத்தி என்கிற அம்மாள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு, முதலிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுச் சுவரோரம், போன வெள்ளாமையில் பஞ்செடுத்த செடியின் காய்ந்த குச்சியான பருத்திமார், அடுப்பெரிக்கக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது.

"மதினி, நாலு கட்டு பருத்திமார் தாங்க."

"ஏ பட்டாளத்து அண்ணாச்சி, மழை பெஞ்ச கரிசல்ல இறங்குததுக்கு டில்லியில இருந்தா ஆள் வரணும்? எங்க ஊர்லயே ரெண்டு பைத்தியம் இருக்கே, போதாதா?"

"பெரியவருக்கு மூச்சு வாங்குது மதினி."

"அய்யோ, பேசிக்கிட்டு நிக்கீங்களே! எடுங்க, எடுங்க!" என்று அவளே இரண்டு கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள்.

வெயிலுமுத்து பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, பருத்திமாரைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அதன்மேல் தவழ்ந்து போனான். கர்னல் அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"விட்டுவிடாதே."

"விட மாட்டேன் சார். பூட்ஸை மண்ணுக்கே விட்டுருங்க, காலை மட்டும் உருவுங்க. அவசரமில்லை. வீட்டுல எத்தனை பிள்ளைக சார்?"

"இரண்டு... பெண்கள்."

"பெரியவ என்ன படிக்கா?"

"பல் வைத்தியம். மூன்றாம் வருடம்." ஒரு கால் வெளியே வந்தது.

"சின்னவ?"

"சின்னவளுக்குக் கணக்கு வரவில்லை." மற்றக் காலும் வந்தது. "எவ்வளவு சொன்னாலும் வரவில்லை. நான் கத்தினால் அழுகிறாள்." சின்னவள் கணக்குப் பரீட்சையில் வாங்கியதைச் சொல்லி முடிக்கும்போது கர்னல் ரோட்டில் இருந்தார்.

மாடத்தி அவரைக் கல்லில் உட்காரவைத்துக் குடத்துத் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். "இது தண்ணிக்கு மட்டும் போகாது ஐயா. குச்சியால சுரண்டணும். அசையாம இருங்க, வலிக்காது" என்று கீழே உட்கார்ந்து, அவர் விரலிடுக்குகளில் அப்பியிருந்த மண்ணை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தாள். கர்னல் அசையாமல் இருந்தார். அந்த வாரியத்தில் யாரும் அவர் வாய்மூடி உட்கார்ந்து பார்த்ததில்லை. அதற்குள் வெயிலுமுத்து மற்ற இருபத்தோரு பேரையும் ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்துவிட்டான்.

மறுநாள் மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். "சீக்கிரம் சார், மேடைக்குப் பூ சோடிக்கணும்" என்று முத்துசெல்வம் வாசலில் நின்றார். கர்னல் மண்டபத்துக் குளியலறை ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு முடிவுகளை வாசித்தார். ஓடிப் புதைந்த இருபத்தோரு பேரும் தேர்ச்சி. அவர்கள் போனபின் வெயிலுமுத்துவை மட்டும் அழைத்தார்கள்.

"மூட்டையைக் கீழே வைத்ததால் மொத்தத்துக்கும் பூஜ்யம். ஏற்கெனவே இருந்த காலும் கழிக்கப்படுகிறது" என்று வாசித்தார் கர்னல். குரலில் முந்தினநாள் முழக்கம் இல்லை. "மலைப்பணிக்கு ஏற்றவரல்ல. உடனே மலையிலிருந்து இறக்கப்பட வேண்டும்."

டாக்டர் சுதாராணி மெல்ல, "சார், நேற்று இவர்தானே..." என்றார்.

"தெரியும் டாக்டர். பருத்திமார் கேட்டு வாங்குதல் என்று ஒரு குணம் பட்டியலில் இருக்கிறதா? இல்லை. பட்டியல் அச்சாகிவிட்டது."

வெயிலுமுத்து ஓர் அடி முன்னால் வந்தான். "எனக்கு ஸ்டோர்ல உக்காரதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்லை சார். நேகின்னு ஒருத்தன். கார்த்திகையில ஏறுதான். நான் கயிறு பிடிக்கலைன்னா அவனுக்குக் கால் நடுங்கும். இந்த ஒரு ஏற்றம் மட்டும் போயிட்டு வந்துருதேன். அப்புறம் எத்தனை கம்பளின்னாலும் எண்ணுதேன்."

கர்னல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். வாரியத்தில் கையெழுத்து நின்றதாகச் சரித்திரம் இல்லை. பிச்சையா அதை வாங்கிக்கொண்டு, விதிப்புத்தகத்தைப் பார்த்தபடி, "தந்தியில அனுப்பணுமா சார்? தகுதியில்லாதவர் விஷயம் அவசரம்னு போட்டிருக்கு" என்று கேட்டார்.

நொடியில் முடிவெடுப்பது எப்படி என்று மூன்று ஆண்டு பேசிய கர்னல், வெகுநேரம் தம் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் மட்டும் கரிசல் போகாமல் இருந்தது.

"சாதாரணத் தபால்" என்றார்.

"சாதாரணத் தபால்னா டில்லிக்குப் போயி, பதிவாகி, படைப்பிரிவுக்கு வர ஒரு மாசத்துக்கு மேல ஆகும் சார். அதுக்குள்ள இவிய மேல ஏறிருவாவ. பனி விழுந்துட்டா வைகாசி வரைக்கும் அங்க தபால் ஏறாது."

"நான் கேட்டேனா பிச்சையா?"

"இல்லை சார்."

"உத்தரவு கையில் கிடைக்கும்வரை பழைய உத்தரவுப்படி நடக்க வேண்டும். அதுவும் விதிதான்." கர்னல் டாக்டரின் பக்கம் திரும்பினார். "இது எந்தக் குணத்தில் வரும் டாக்டர்?"

டாக்டர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "எதிலும் வராது சார்" என்று சொல்லிவிட்டு, தம் பட அட்டைகளைக் கவனமாக எண்ண ஆரம்பித்தார்.

வெயிலுமுத்து விறைத்து நின்று சல்யூட் அடித்தான். ரப்பர் செருப்போடு பதில் சல்யூட் அடிப்பது கர்னலுக்குச் சிரமமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடித்தார்.

"பாஸா, பெயிலா?" என்று வாசலிலேயே மறித்துக் கேட்டாள் தங்கமாரி.

"பெயில்தான். ஆனா தபால் மெதுவா வருதாம்."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும், "எந்தப் புண்ணியவாளன் அந்தத் தபாலை எடுத்துக்கிட்டுப் போறானோ, அவன் போற பாதையெல்லாம் நல்லா மழை பெய்யட்டும்" என்றாள். பட்டாள டிரங்குப் பெட்டியை எடுத்து வெளியே வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வைகாசி இரண்டாம் வாரம், நான்கு பேரும் மலையடிவார முகாமுக்கு வந்து சேர்ந்த மறுநாள், ஆறு மாதத் தபால் மூட்டை பிரிக்கப்பட்டது. வெயிலுமுத்துவுக்கு ஒரு காக்கி உறை இருந்தது. முகமெல்லாம் பனி பொசுக்கிய கறுப்போடு நேகி எட்டிப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று இந்தியில் கேட்டான்.

"நான் மலைக்கு லாயக்கில்லையாம். உடனே இறங்கணுமாம்."

நேகி சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தான். "இதுக்குப் பதில் வேறு எழுத வேண்டுமா?"

"எழுதாம எப்படி? பெரியவர் காத்துக்கிட்டு இருப்பாருல்லா."

தேநீர் ஆறுவதற்குள் எழுதி முடித்தான்.

'மதிப்பிற்குரிய கர்னல் அவர்களுக்கு, தங்கள் உத்தரவு இன்று கிடைத்தது. உத்தரவுப்படி மலையிலிருந்து இறங்கிவிட்டேன். நேகி, தாமஸ், இன்னொருவர் மூவரும் என்னோடு இறங்கிவிட்டார்கள். எல்லோரும் நலம். சின்னப் பெண்ணுக்கு இப்போது கணக்கு வருகிறதா?'